தார்ப்பாய்க்குள் பதினோரு பிள்ளைகள்

வயல்வேலைக்கு அபுந்தியோவின் லாரியில் ஏறுகிற அன்று காலையிலிருந்தே மெக்சிகோக்காரப் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வருஷம் போய்வந்தவளுக்கு மறுவருஷம் தானாகவே தெரிந்துவிடும். டெக்சாஸின் தெற்கு மூலையில் கிளம்பி மிச்சிகன் போய்ச் சேருகிறவரைக்கும் அந்த லாரி பகலில் எங்கேயும் நிற்காது. இருட்டின பிறகு காட்டுப்பக்கமாக ஓர் இடம் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு நிறுத்துவார். ஆண்பிள்ளைகள் அவசரமென்றால் பின்பக்கக் கிராதி வழியாகவே காரியத்தை முடித்துக்கொள்வார்கள். பெண்கள் நாக்கை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அத்தனை ஜனத்தை அப்படி ஏற்றிக்கொண்டு போகச் சட்டத்தில் இடமில்லை. அது லாரியை ஓட்டி, வயலுக்கு ஆளும் பிடித்துக் கொடுக்கிற அபுந்தியோவுக்கும் தெரியும், ஏறினவர்களுக்கும் தெரியும். மாட்டை ஏற்றுகிற லாரி அது. நடுவில் நாலு பலகை குறுக்கே போட்டு, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, முப்பது பேருக்குக் குறையாமல் அடைத்திருந்தார். மூட்டை முடிச்சு, மெத்தை, சட்டி பானை, களை கொத்துகிற குட்டைக் கொத்து எல்லாம் காலடியில். வழியில் எந்த ஊர் ஷெரீப்பாவது பிடித்துவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் ஊர் எதுவும் வந்தால் அபுந்தியோ தன் முதுகுக்குப் பின்னாலிருக்கும் தகரத்தில் மூன்று தட்டு தட்டுவார். உடனே தார்ப்பாயின் பின்பக்கத்தை இறக்கிவிட வேண்டும். இருமல்கூட வரக்கூடாது. பார்க்கிறவனுக்கு அது வெங்காயம் ஏற்றிய லாரி.

பெரியவர்கள் இருமலை அடக்கிக்கொள்வார்கள். பிள்ளைகள்? அங்கேதான் எர்லிந்தா வந்தாள்.

எர்லிந்தாவுக்கு நாலு பிள்ளைகள். மூத்தவள் மினெர்வாவுக்குப் பதின்மூன்று. அடுத்தவன் ரொஹேலியோவுக்கு ஒன்பது, வாய் மட்டும் நாற்பது. ஆறு வயது தோமாசா. கடைக்குட்டி லாலோ, இரண்டு வயது, எதைப் பிடித்தாலும் வெளியே எறிகிற பருவம். குளிர்காலம் முழுக்க எல்லோரும் கீரை வயலில் மண்டிபோட்டு அறுப்பார்கள். மினெர்வா பத்து வயதிலேயே தனி வரிசை பிடித்தவள். வெயில் ஏறி, கீரை முடிந்து, ஊரில் வேலை என்று ஒன்றும் இல்லாமல் போனதும் வடக்கே சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு வயலுக்குக் கிளம்ப வேண்டும். குனிந்த முதுகோடு நாற்றைக் கலைத்துவிடுகிற வேலை. போன வருஷம் பயணத்தில் நடுவழியில் ஒரு ஊரில் பிள்ளைகள் கத்தி, அபுந்தியோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதனால் இந்த வருஷம் ஏறும்போதே எர்லிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எர்லிந்தா, பிள்ளைங்களக் கட்டிப்போடுற வித்தை உனக்குத்தான் தெரியும். நீ முன்னாடி வந்து உக்காரு. காத்து அடிக்காது, தூசி கம்மி. பதினோரு பிள்ளைங்க இருக்கு. மிச்சிகன் போற வரைக்கும் அதுங்க உன் பொறுப்பு."

"எனக்கு என்ன குடுப்பீங்க தோன் அபுந்தியோ?"

"நல்ல இடம் குடுக்கறனே, அது போதாதா?"

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். உள்ளூரப் பெருமைதான். தோன் என்று மரியாதை வைத்துக் கூப்பிட வேண்டிய மனிதர், தன்னை ஆளாக மதித்துக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

பதினோரு பிள்ளைகளை ஒரே ஆட்டத்தில் பிடித்துவைப்பது லேசான காரியமில்லை. சின்னதுகளுக்குக் கதை வேண்டும், அதுவும் நேற்றுச் சொன்ன கதையே வேண்டும், ஓநாய் சாகிற இடம் கொஞ்சம் மாறினாலும் அழும். ஒன்பது பத்து வயசுகளுக்குக் கதை பிடிக்காது. ஜெயிக்க வேண்டும், ஜெயித்து மற்றவனைக் கேலி செய்ய வேண்டும். லாலோவைப் போன்றதுகளுக்கு வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எர்லிந்தா வெல்லக்கட்டியைச் சின்னச் சின்னதாக உடைத்து மடியில் முடிந்திருந்தாள். வறுத்த சோளமாவு ஒரு பொட்டலம். அப்புறம் படச்சீட்டு. அந்த ஊரில் படச்சீட்டு இல்லாத வீடு கிடையாது. சேவல், நிலா, குடை, ஏணி, சீமாட்டி, குடிகாரன், பிசாசு என்று ஆளுக்கு ஒரு பலகையில் படங்கள் இருக்கும். ஒருத்தர் சீட்டை எடுத்துப் பாட்டாகக் கூவ, மற்றவர்கள் அந்தப் படத்தின்மேல் பீன்ஸ் விதையை வைக்க வேண்டும். லாரியில் பலகை நிற்காது, விதை துள்ளி ஓடிவிடும். அதனால் எர்லிந்தா வேறு வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கு நாலு படத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு வராத குழந்தைகள் பெரிய பிள்ளைகளின் மடியில் உட்கார்ந்து சீட்டைப் பிடித்துக்கொள்ளும். அவள் கூவுவாள்.

"விடியறதுக்கு முன்னாடி நம்மள வயலுக்கு விரட்டுறவன்!"

"சேவல்!"

"பணக்காரனுக்கு மழையில, நமக்குப் படத்துல!"

"குடை!"

"இவன் நேரா நடந்தா டாக்டரைக் கூப்பிடுங்க!"

"குடிகாரன்!" என்று கத்திவிட்டு ரொஹேலியோ, "எங்க மாமா!" என்று சேர்த்துக்கொள்வான். பெரியவர்களும் சிரிப்பார்கள்.

ஊர் வந்து தகரத்தில் மூன்று தட்டு கேட்டதும் ஆட்டம் மாறிவிடும். அது சிலை ஆட்டம். எல்லோரும் கோவில் சொரூபமாகிவிட வேண்டும். யார் எந்தப் புனிதர் என்று அவரவர் இஷ்டம். ரொஹேலியோ உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியார். தோமாசா கையைக் கூப்பிக்கொண்டு மாதா. அசைந்தவன் யூதாஸ், அடுத்த ஊர் வரைக்கும் அவனோடு யாரும் பேசக்கூடாது. தார்ப்பாய்க்கு வெளியே குதிரைக் குளம்பும் மோட்டார் சத்தமும் யாரோ இங்கிலீஷில் சிரிப்பதும் கேட்கும். உள்ளே இருட்டில் பதினோரு சொரூபங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊர் தாண்டியதும் எர்லிந்தா ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பாள்.

முதல் நாள் இப்படியே போனது. இருட்டிய பிறகு நிறுத்தினபோது அபுந்தியோ வந்து, "பலே! வெங்காயம்கூட இவ்வளவு அமைதியா வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லாரி ஆர்கன்சா மலைப்பக்கம் ஏறியது. காலையிலிருந்தே புழுக்கம். தார்ப்பாய் அடுப்பில் வைத்த தோசைக்கல்லைப்போல் மேலிருந்து அனலைக் கக்கியது. வியர்வை, பன்றிக்கொழுப்பு, குழந்தை மூத்திரம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. பீன்ஸ் வைத்துச் சுருட்டிய தோர்த்தியா ரொட்டி காய்ந்து மட்டையாகிவிட்டது. பெண்கள் அதை மென்று மென்று, தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்கள். லாலோ சாயங்காலம்வரை வைத்திருக்க வேண்டிய வெல்லத்தை மத்தியானத்துக்குள் கரைத்துவிட்டான். அவன் எறிந்த சேவல் சீட்டு கிராதி வழியாக ஆர்கன்சா மண்ணுக்கே போய்விட்டது.

"மினெர்வா! இவனக் கொஞ்சம் பிடி" என்று எர்லிந்தா கூப்பிட்டாள். "எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

மினெர்வா வரவில்லை. லாரியின் பின்கோடி மூலையில், கிராதியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே திருப்பி நின்றிருந்தாள். அந்த வெயிலில் கம்பளிச் சட்டையை இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"காதுல விழலையா?"

"விழுது."

"அப்ப வா."

"மாட்டேன்."

"சீமாட்டி சீட்டு அங்க நிக்குதும்மா" என்றான் ரொஹேலியோ. "கீழ உக்காந்தா பாவாடை கசங்கிடும்."

எர்லிந்தாவுக்குக் கோபம் வந்தது. நேற்றிலிருந்தே இந்தப் பெண் இப்படித்தான். ஆட்டத்துக்கு வா என்றால் வருவதில்லை, கதைக்கும் வருவதில்லை. சின்னப்பிள்ளைகளோடு சேர்த்தால் அவமானம், பெரியவர்களோடு பேச்சு கிடையாது. பதினோரு பேரைக் கட்டி மேய்க்கிற தன்னால் சொந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைக்க முடியவில்லையே என்று ஒரு எரிச்சல்.

"இரு, நின்னதும் பேசிக்கிறேன்" என்று கத்திவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

அப்போதுதான் ஹோவித்தா கால்களையும் மூட்டைகளையும் தாண்டி அவளிடம் வந்தாள். தோமாசாவின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்றவள் ஹோவித்தா. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொமாத்ரே, சீட்டக் கீழ வை" என்று காதோடு சொன்னாள். "உம்பொண்ணு காலைலேர்ந்து உக்காரல."

"திமிரு."

"திமிரில்ல. கம்பளிச் சட்டைய எதுக்குக் கட்டியிருக்கா? பாவாடையப் பாரு."

எர்லிந்தாவின் கையிலிருந்த சீட்டு அப்படியே நின்றது. பிள்ளைகளை ஹோவித்தாவிடம் விட்டுவிட்டு, ஆண்களின் முழங்கால்களுக்கு நடுவே தட்டுத்தடுமாறிப் பின்கோடிக்குப் போனாள். மினெர்வா திரும்பவில்லை. அவளுடைய கழுத்து பின்னால் நனைந்திருந்தது.

"எப்போலேர்ந்து?"

"விடியக்காலைலேர்ந்து."

"சொல்லக்கூடாதா?"

"எப்பச் சொல்றது? நீ சேவல் கூவிக்கிட்டு இருந்த."

எர்லிந்தாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"பயமா இருக்கா?"

"பயமில்ல. பெரியவளானா இப்படித்தான்னு எனக்குத் தெரியும். ஹோவித்தா அத்தை பொண்ணு எல்லாம் சொல்லியிருக்கா." மினெர்வாவின் குரல் இறங்கியது. "கால்ல வழிஞ்சிடுச்சும்மா. காஞ்சு ஒட்டுது. நாத்தம் அடிக்குமோன்னு மூலையில நிக்கிறேன். இறங்கும்போது எல்லாரும் பாப்பாங்க. ஹோவித்தா அத்தையோட அண்ணன் பையன் வேற இங்கயே உக்காந்திருக்கான்."

"மாவுப்பை துணி வச்சிருக்கேன். கிழிச்சுத் தரேன். கம்பளிக்குப் பின்னாடி போய் மாத்திக்க."

லாரியின் ஒரு மூலையில் கிழிந்த கம்பளி ஒன்றைக் குறுக்கே கட்டி, உள்ளே பன்றிக்கொழுப்பு அடைத்து வந்த காலித் தகர டின் ஒன்று வைத்திருந்தார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு அவசரமென்றால் அதில்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அது தளும்பியது. ஒருசாண் தள்ளி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மினெர்வா முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க போக மாட்டேன்."

"இந்த லாரியில வேற எங்கடி போறது?"

"போக மாட்டேன். அந்த ஓட்டைக் கம்பளிக்குப் பின்னாடி, அந்த டின் பக்கத்துல, முப்பது பேர் காது கேக்க, பாவாடையத் தூக்க மாட்டேன். மிச்சிகன் வரைக்கும் இப்படியே நிக்கிறேன். செத்தாலும் பரவால்ல."

அடம்பிடித்து அழுதிருந்தால் எர்லிந்தா ஓர் அறை விட்டிருப்பாள். அவள் அழவில்லை. கிராதியைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்தது.

எர்லிந்தா புருஷனிடம் போனாள். சிப்ரியானோ கேபின் தகரத்தில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் நாலு வார்த்தை சொன்னாள். அவன் முகம் சிவந்துபோயிற்று. எழுந்து தகரத்தில் தட்டி, கிராதிக்கு வெளியே தலையை நீட்டி, கேபின் ஜன்னல் பக்கமாகக் கத்தினான். அபுந்தியோவும் கத்தினார். காற்றில் பாதிதான் உள்ளே வந்தது.

"என்ன சொல்றாரு?"

"இருட்டினதும் நிறுத்துவாராம்."

"என்ன காரணம்னு சொன்னியா?"

"அதை எப்படிக் கத்திச் சொல்றது எர்லிந்தா? ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். 'ஒரு பொம்பளைக்காக நிறுத்தினா எல்லாப் பொம்பளையும் இறங்குவா'ங்கறாரு."

"இறங்கினா என்னவாம்?"

"மெதுவாப் பேசு. இன்னும் அரைநாள்தான். நீ பொறுத்துக்கலையா? எல்லாரும் பொறுத்துக்கறாங்க. நீ போய்ப் பிள்ளைங்களப் பாரு."

எர்லிந்தா பிள்ளைகளிடம் திரும்பினாள். உட்கார்ந்தாள். முன்னாலிருக்கிற நல்ல இடம். காற்று அடிக்காது, தூசி கம்மி. அவளுக்கே அப்போதுதான் உறைத்தது, நேற்றிலிருந்து தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் கூவினாள், கதை சொன்னாள், வெல்லம் கொடுத்தாள். ஆனால் அந்த அமைதி பிள்ளைகளுக்காக இல்லை. கேபினில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்குகிற ஒரு மனிதருக்காக. பதினோரு வாயை அவருக்காக அடைத்துக்கொடுத்திருக்கிறாள். பன்னிரண்டாவது வாய் அந்த மூலையில் தானாகவே அடைந்துகொண்டது.

டம், டம், டம்.

ஊர் வந்துவிட்டது. பின்னாலிருந்த ஆட்கள் தார்ப்பாயை இறக்கினார்கள். இருட்டு விழுந்தது. ரொஹேலியோ கையைப் பின்னால் கட்டி அம்பு பட்ட முகத்தை வைத்துக்கொண்டான். தோமாசா கை கூப்பினாள்.

"வேண்டாம்" என்றாள் எர்லிந்தா. "இந்த ஊருக்கு வேற ஆட்டம்."

"என்ன ஆட்டம்மா?"

"படச்சீட்டுதான். ஆனா யாரு சத்தமாச் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் வெல்லம். சட்டி கரண்டி எது வேணா எடுத்துக்கலாம்."

பிள்ளைகள் நம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எர்லிந்தா எழுந்து நின்றாள். தொண்டையைக் கனைத்தாள். சீட்டு இல்லாமலே கூவினாள்.

"முன்னாடி உக்காந்து ஜிலுஜிலுன்னு போறவன், பின்னாடி வர்ற சனத்த வெங்காயம்னு நெனைக்கிறவன்!"

ஒரு நொடி. அப்புறம் ரொஹேலியோ, தொண்டை கிழிய:

"பிசாசு!"

பத்துக் குரல் சேர்ந்துகொண்டது. பிசாசு, பிசாசு என்று ஒரே கூக்குரல். யாரோ வாணலியில் கரண்டியால் அடித்தார்கள். லாலோவுக்குப் பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை. தகரக் குவளையைப் பலகையில் போட்டுப் போட்டு எடுத்தான். அன்று அந்த ஊரில் சனிக்கிழமைச் சந்தை. தெருவெங்கும் வண்டியும் டிராக்டருமாக அடைத்துக்கொண்டிருக்க, லாரி ஊர்ந்துதான் போனது. கேபினிலிருந்து டம் டம் டம் என்று தகரம் நசுங்குகிற மாதிரி அடி விழுந்தது. பிள்ளைகள் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"எர்லிந்தா, பைத்தியமா உனக்கு?" என்றான் சிப்ரியானோ. "பிடிச்சா எல்லாரும் திரும்பிப் போகணும்."

"தார்ப்பாயத் தூக்கு" என்றாள் அவள்.

அவன் தூக்கவில்லை. ஹோவித்தா தூக்கினாள். வெளிச்சம் கொட்டியது. நடைபாதையில் நின்ற ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது. கோழிக்கூண்டு வைத்திருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தோமாசாவும் கையை ஆட்டினாள்.

ஊரின் கோடியில் இருந்த பெட்ரோல் பங்க்கில் லாரி திரும்பி, தூக்கிவாரிப்போட்டு நின்றது. அபுந்தியோ பின்பக்கம் ஓடிவந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"யாருக்குக் கொழுப்பு? நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்த!"

"நேத்து நிறுத்தச் சொல்லல. இன்னைக்குச் சொன்னேன், கேக்கல" என்றபடியே எர்லிந்தா பின்கதவின் கொக்கியைத் தள்ளினாள். தன் மாற்றுப்பாவாடையையும் மாவுப்பைத் துணியையும் கக்கத்தில் வைத்திருந்தாள். முதலில் அவள் குதித்தாள். பிறகு மினெர்வாவுக்குக் கையை நீட்டினாள். ஹோவித்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் தாங்களாகவே இறங்கி, அவளுக்குப் பின்னால் மறைப்பாக நின்றுகொண்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை.

பங்க்கின் பக்கவாட்டில் வெள்ளைச் சுண்ணாம்படித்த ஒரு கக்கூஸ். கதவில் பலகை மாட்டியிருந்தது. ரொஹேலியோ பின்னாலேயே ஓடிவந்துவிட்டான். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவன் அவன்.

"அம்மா, நில்லு. 'வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்'னு போட்டிருக்கு."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது" என்றாள் எர்லிந்தா. பெண்ணை உள்ளே தள்ளி, தானும் நுழைந்தாள். தாழ்ப்பாள் போடுவதற்கு முன்னால் தலையை நீட்டி, "எல்லாப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு வந்து இங்க உக்காத்தி ஆட்டத்த நடத்து. நான் வர்ற வரைக்கும் நீதான் கூவணும். ஒருத்தனும் இந்தக் கதவுகிட்ட வரக்கூடாது" என்றாள்.

உள்ளே பீங்கான் தொட்டி ஒன்று இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர். மினெர்வா அதைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள். எர்லிந்தா முதுகைத் திருப்பி, கதவைப் பார்த்து நின்றுகொண்டாள். வெளியே ரொஹேலியோவின் குரல் கேட்டது.

"ஏறினா மாடி, விழுந்தா முட்டி!"

"ஏணி!"

பங்க்காரன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ரொஹேலியோ நின்று கூவ, கதவுக்கு முன்னால் மற்றப் பத்துப் பிள்ளைகளும் மூன்று வரிசையாக, கைக்குழந்தைகள் மடியில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிதிக்காமல் தாண்ட வழியில்லை. அவன் இங்கிலீஷில் ஏதோ கத்தினான்.

"என்னடா சொல்றான்?" என்று உள்ளேயிருந்து எர்லிந்தா கேட்டாள்.

"வெளிய வரச் சொல்றாரும்மா. இல்லாட்டி ஷெரீப்புக்குப் போன் பண்ணுவாராம்."

"ஆட்டம் முடியலன்னு சொல்லு."

ரொஹேலியோ அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான் போலிருக்கிறது. பங்க்காரன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்துவிட்டது. அவன் உள்ளே போன் இருக்கிற பக்கம் திரும்பினான். அதைக் கண்டு அபுந்தியோ பதறிப்போய் அவன் முன்னால் ஓடினார். தொப்பியைக் கழற்றினார். நூறு தடவை சார் போட்டார். டேங்க்கை நிரப்பச் சொன்னார், எண்ணெய் மாற்றச் சொன்னார், டயருக்குக் காற்று பிடிக்கச் சொன்னார், தேவைப்படாத ஓர் இன்ஜின் விசிறிப்பட்டையையும் வாங்கினார். பங்க்காரன் போனுக்கும் பம்ப்புக்கும் நடுவில் கொஞ்சம் யோசித்து, பம்ப்புக்கு வந்தான்.

அபுந்தியோ சிப்ரியானோவிடம் வந்தார். "போ. உன் பொண்டாட்டிய இழுத்துட்டு வா."

சிப்ரியானோ லாரியிலிருந்து இறங்கியிருந்தான். கக்கூஸ் கதவைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான்.

"நீங்களே போய்க் கூப்பிட்டுப் பாருங்க தோன் அபுந்தியோ. நான் அவளோட பதினாலு வருஷம் குடும்பம் நடத்தினவன். எனக்குத் தைரியமில்ல."

"வேடிக்கையா இருக்கா? இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன், ஆமா!"

"விடுங்க" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவனுக்குக் கேட்டது போலிருந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டான். "அவ உள்ள இருக்கற வரைக்கும் நானும் ஏறல."

"உன்ன விட்டா எனக்கு ஆள் கிடைக்காதா?"

"கிடைக்கும்" என்றாள் ஹோவித்தா, கக்கூஸ் வாசலில் பெண்களை வரிசையாக நிறுத்திக்கொண்டே. "ஆனா நாங்களும் இங்கதான் இருப்போம். மிச்சிகன்ல போய் அந்தத் தார்ப்பாய இறக்கிக் காட்டுங்க. பீட் வயல்ல அது குனிஞ்சு நாத்துக் கலைக்கும்."

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். அபுந்தியோ தொப்பியைத் தரையில் அடித்தார். பிறகு குனிந்து அதை எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. மினெர்வா அம்மாவின் பாவாடையில், இடுப்பில் கயிறு கட்டி, முகம் கழுவின ஈரத்தோடு வெளியே வந்தாள். கையில் பிழிந்த பாவாடை. பத்துப் பிள்ளைகளும் ஒருவழியாக வழிவிட்டார்கள். ஹோவித்தாவின் அண்ணன் பையன் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்து ஒரு டயரை உதைத்துக்கொண்டிருந்தான். எர்லிந்தா அவளுக்குப் பின்னால் வந்து, கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு, "அடுத்து யாரு?" என்று கேட்டாள்.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். யாரும் அவசரப்படவில்லை. கிளம்பின நாளிலிருந்து குடிக்காத தண்ணீரையெல்லாம் சேர்த்துவைத்துக் குழாயில் வாய்வைத்துக் குடித்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி தலையையே நனைத்துக்கொண்டு வந்தாள். பங்க்காரன் தூரத்தில் விசிறிப்பட்டையை மாட்டியபடி வைதுகொண்டே இருந்தான். ரொஹேலியோ அதை மொழிபெயர்க்கத் தயாராக இருந்தான். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

லாரி மறுபடியும் ஓடத் தொடங்கியபோது எர்லிந்தாவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது. முன்னாலிருந்த நல்ல இடத்துக்கு அவள் போகவில்லை. பின்கோடியில் மினெர்வாவின் பக்கத்தில், புழுதியில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மினெர்வா ஈரப்பாவாடையைக் கிராதியில் விரித்துக் கட்டினாள். அது காற்றில் படபடவென்று அடித்தது.

"மிச்சிகன்ல அவரு சும்மா விடமாட்டாரு" என்றான் சிப்ரியானோ. "சர்க்கரைக் கம்பெனிக்காரன்கிட்டச் சொல்லுவாரு. ஒழுகற குடிசையா பாத்துக் குடுப்பாங்க."

"ஒழுகட்டும்" என்றாள் எர்லிந்தா, காற்றுக்குரலில்.

"வேலைக்குத் தூரத்து வயலாக் குடுப்பாங்க."

"குடுக்கட்டும்." கொஞ்சம் யோசித்து, "நீ இறங்கி நின்னியே" என்றாள்.

அவன் மடியிலிருந்த லாலோவின் மூக்கைத் துடைத்தான். பயம் அவனை விட்டுப் போய்விடவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நகர்ந்து உட்காரவில்லை. தோமாசா அவன் முதுகில் ஏறி, ஓநாய்க் கதை கேட்டாள். அவனுக்குக் கதை தெரியாது. ஓநாயைச் சாகடிக்காமல் மலைக்கு அனுப்பிவிட்டான். தோமாசா அழப்போனாள். மினெர்வா குறுக்கிட்டு, ஓநாய் திரும்பி வந்து செத்தது என்று முடித்துவைத்தாள்.

சூரியன் சாய்வதற்கு வெகுநேரம் முன்னாலேயே லாரி வேகம் குறைந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலையோரமாக ஒதுங்கி நின்றது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சோளம், கண்ணுக்கெட்டியவரை திறந்த வெளி. அபுந்தியோ இறங்கிப் பின்பக்கம் வந்தார். எவர் முகத்தையும் பார்க்கவில்லை. கொக்கியைத் தட்டிவிட்டார்.

"பொம்பளைங்க இறங்குங்க. சீக்கிரம் ஆகட்டும்."

பகல் வெளிச்சத்தில், கேட்காமலே நிறுத்தியிருக்கிறார். இரண்டு மூன்று பெண்கள் எழுந்தார்கள். எர்லிந்தா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

மினெர்வா எழுந்து நின்றாள். கிராதியைப் பிடித்துக்கொண்டு சோளக்காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். முப்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காதுமடல் சிவந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"இங்க கதவு இல்லையே."

"என்னது?" என்றார் அபுந்தியோ.

"கதவு இருக்கற எடமாப் பாத்து நிறுத்துங்க தோன் அபுந்தியோ."

எழுந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். அவசரத்தில் ஏற்கனவே ஒரு காலைக் கீழே வைத்துவிட்ட ஒருத்தி, யோசித்து, அந்தக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அபுந்தியோ அந்தப் பெண்ணைப் பார்த்தார், அவளுடைய அம்மாவைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தார். கொக்கியை மாட்டிவிட்டு முன்பக்கம் போனார். கேபின் கதவு படாரென்று சாத்திய சத்தம் கேட்டது.

லாரி சோளக்காட்டை விட்டு நகர்ந்து, அடுத்த ஊரைத் தேடிக்கொண்டு போனது.